ஐயாவு ஏறாத படகு

மணி ஒன்று. சாத்தம் ஜெட்டியின் வெயிட்டிங் ஷெட்டில், கடைசி பெஞ்சுக்கு அடியில் ஐயாவுவின் மூட்டை இல்லை.

வைஜெயந்தி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தாள். நீலத் தார்ப்பாயில் சுற்றி நைலான் கயிறு போட்டுக் கட்டிய அத்தனை பெரிய மூட்டை பெஞ்சுக் கால் மறைவில் ஒளிந்துகொள்ளுமா என்ன? ஆனாலும் பார்த்தாள்.

ஐயாவு காணாமல் போவது புதிதல்ல. டீ குடிக்கப் போவார், காய்கறி மூட்டை தூக்கப் போவார், வந்துவிடுவார். மூட்டையும் சேர்ந்து காணாமல் போனது இந்த ஐந்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. அதுவும் இன்றைக்கா?

வைஜெயந்திக்கு வேலையே இதுதான். போர்ட் பிளேரில் கடை வராந்தாவிலும் ஜெட்டியிலும் பஸ் ஸ்டாண்டிலும் படுத்துக் கிடப்பவர்களைத் தேடிப் போய், பேசிப் பழகி, அடையாளக் கார்டு இல்லாதவர்களுக்குக் கார்டு எடுத்துக் கொடுத்து, கடைசியில் ஒரு கூரைக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவள் வேலை பார்க்கும் டிரஸ்ட் சின்னது. அதனிடம் இருப்பது ஒரே ஒரு வீடு. கடலுக்கு அந்தப் பக்கம், பாம்பூ பிளாட்டில். கட்டில்களை வரிசையாகப் போட்டு விடிந்ததும் எழுப்பி வெளியே தள்ளுகிற இடமில்லை அது. ஆளுக்கு ஓர் அறை, கையில் சாவி. வாரத்துக்கு இரண்டு தரம் நர்ஸ் வருவாள். சமைத்துப் போடவும், மாத்திரையை ஞாபகப்படுத்தவும், பென்ஷன் மனுவுக்கு அலையவும் விசாலாட்சி என்று ஒருத்தி இருக்கிறாள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். அறைகள் ஆறுதான். அதுதான் தொல்லை.

ஆறில் ஒன்று போன வாரம் காலியானது. லிஸ்டில் முதல் பெயர் ஐயாவு. ஏழு நாளுக்குள் ஆள் நேரில் அந்த வீட்டுக்கே வந்து அதிகாரி ராஜமாணிக்கம் முன்னால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அறை அடுத்த பெயருக்குப் போய்விடும். ஏழாம் நாள் இன்று. நேரம், சாயங்காலம் நாலு.

ஆறு நாள் என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். அறைக்கு வெள்ளையடித்து, தாழ்ப்பாள் மாற்றி, மருத்துவச் சான்று வாங்கி முடிக்கவே ஆறு நாள் போய்விட்டது. நேற்று சாயங்காலம்தான் வந்து சொன்னாள்: "அண்ணாச்சி, உங்க பேரு லிஸ்ட்ல வந்துட்டு. சாமானை எல்லாம் கட்டி வைங்க. நாளைக்கு மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன். கையெழுத்து மட்டும் போட்டா போதும்." ஐயாவு ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு இவள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள். மடச்சி.

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் நாகராஜ் என்று ஒருவர், பஸ் ஸ்டாண்டில் படுப்பவர். சான்று ஒன்று வரத் தாமதமாகி, மழை பிடித்துக்கொண்டு, நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அவர் பெயருக்கு அறை வந்தபோது அவர் போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அறை ஒதுக்கி வந்த அந்தக் கடிதம் இன்னும் வைஜெயந்தியின் பையில்தான் கிடக்கிறது. எறியவும் மனசில்லை, எடுத்துப் பார்க்கவும் தைரியமில்லை. இப்போது மே மாதம், தீவில் மழை தொடங்குகிற காலம். வானம் இரண்டு நாளாக மூடிக் கிடக்கிறது. ஐயாவுவின் இடது காலில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது.

ஜெட்டி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் சொர்ணம்மாவிடம் ஓடினாள்.

"ஐயாவு அண்ணாச்சியைப் பாத்தீங்களாக்கா?"

"ஸுபே ஸுபே, விடியக்காலைலயே மூட்டையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டான்" என்றாள் சொர்ணம்மா, டம்ளரைக் கழுவிக்கொண்டே. முப்பது வருஷமாகத் தீவில் இருப்பவள். தமிழில் பாதி ஹிந்தியாகவே வரும். "டீ நீட்டினேன், வாங்கல. பாலத்து வழியா அந்தாண்ட போனான். முகமே சரியில்ல. நீ என்னத்தச் சொல்லித் தொலைச்ச அவன்கிட்ட?"

"வீடு கிடைச்சிருக்குன்னு சொன்னேன்."

"வீடு கிடைச்சா எவனாவது ஓடுவானா?"

அதைத்தான் வைஜெயந்தியும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொர்ணம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "மேட்டுல பாரு. பயந்தான்னா மேட்டுக்குத்தான் போவான். ரெண்டு வருஷம் முன்ன ராத்திரி லேசா நிலம் ஆடிச்சே, அன்னிக்கு மரைன் ஹில் ஏறினவன் ரெண்டு நாள் கழிச்சுத்தான் எறங்கினான். சுனாமி பாத்தவன் இல்லியா."

தீவில் அதற்குமேல் விளக்கம் வேண்டாம். வைஜெயந்தி ஆட்டோ பிடித்தாள். பாலத்தைத் தாண்டி, ஹாடோ தாண்டி, மரைன் ஹில் ஏற்றத்தில் ஆட்டோ முக்கி முனகி ஏறுவதற்குள் மூன்று தடவை செல்போனில் மணி பார்த்துவிட்டாள். ஒன்று நாற்பது. இரண்டு மணிப் படகைப் பிடித்தால் இரண்டரைக்குள் பாம்பூ பிளாட். முடியும். ஆள் கிடைத்தால் முடியும்.

ஆள் கிடைத்தார். குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் சிமெண்ட் படிக்கட்டில், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, பார்த்தால் எழுபது சொல்லலாம். இவளைப் பார்த்ததும் ஓடவில்லை. மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, என்ன இது? எங்கெல்லாம் தேடுறது? வாங்க, ரெண்டு மணிக்கு போட்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"கப்பல்ல ஏத்துவீங்கன்னு தெரியும் தங்கச்சி" என்றார் மெதுவாக. "நா வரல்ல."

"கப்பல் யாரு சொன்னா? பாம்பூ பிளாட்டுக்கு அண்ணாச்சி. இருபது நிமிஷம்."

"அன்னிக்கும் இப்பிடித்தான் சொன்னாங்க."

"என்னிக்கு?"

ஐயாவு பேசுகிற ஆளில்லை. ஐந்து மாதத்தில் இவள் எடுத்த குறிப்பெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது: இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறப்பு, நிக்கோபாரில் கச்சல் தீவு ரப்பர்த் தோட்டத்தில் வேலை, சுனாமிக்குப் பின் போர்ட் பிளேர், உறவினர் இல்லை. ஃபாரத்தில் கட்டம் கட்டமாக நிரப்பி வைத்திருந்தாள். அந்தக் கட்டங்களுக்கு நடுவில் இருந்ததை அவர் இப்போதுதான் சொன்னார், கடலைப் பார்க்காமல், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு.

"நாங்க தோட்டத்து லயத்துல இருந்தப்ப எனக்கு எட்டு வயசு. ஒரு நா ஆளு வந்து சொன்னான், ஒங்க பேரு லிஸ்ட்ல வந்திருச்சு, சாமானக் கட்டுங்க, கையெழுத்து மட்டும் போட்டாப் போதும், அங்க வீடு தருவாங்கன்னு. அக்கா பேரு இல்ல. அக்காவக் கட்டிக் குடுத்த எடத்துல அவங்க அங்கயே இருக்கிறதுக்கு வேற ஃபாரம் போட்டிருந்தாங்க. தலைமன்னார்ல கப்பல் ஏறினோம். அக்கா ரயில் டேசனோட நின்னுட்டா. அதோட சரி. அதுக்கப்புறம் மண்டபம் கேம்பு. அங்கயும் ஒருத்தன் வந்தான். பேரு வந்திருச்சு, சாமானக் கட்டுங்க, கச்சல்ல வீடுன்னான். மெட்ராஸ்ல கப்பல். அப்பனுக்குப் பாதிக் கடல்லயே காய்ச்சல். எறங்கி ஒம்பதாம் நா போயிட்டாரு."

அவர் நிறுத்தினார். வைஜெயந்தி மணி பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றியது, அதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அப்புறம் அந்த அலை. எம் பொஞ்சாதி பொன்னம்மாவுக்கு இடுப்புல அடி. அடிபட்டவங்கள மொதக் கப்பல்ல ஏத்துறோம், நீ அடுத்ததுல வா, பேரு எழுதிக்கிட்டோம்னாங்க. போர்ட் பிளேர்ல வந்து எறங்கி கேம்பு கேம்பா ஓடினேன். எந்த லிஸ்ட்லயும் அவ பேரு இல்ல." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "நேத்து நீங்களும் அதே மாதிரி சொன்னீங்க. ஒரு எழுத்து மாறாம."

வைஜெயந்திக்கு இப்போதுதான் உறைத்தது. ஐந்து மாதம் கண்ணெதிரே பார்த்த சங்கதி. பாம்பூ பிளாட் போகும் வியாபாரிகளின் காய்கறி மூட்டையை ஐயாவு தோளில் தூக்கிக்கொண்டு வருவார். படகுக்குப் போட்ட பலகை வரைக்கும் வருவார். பலகையில் கால் வைக்க மாட்டார். அங்கேயே நின்று நீட்டுவார், படகுக்காரன் எட்டி வாங்கிக்கொள்வான். கால் புண்ணுக்காக என்று இவளாகவே நினைத்துக்கொண்டாள். கேட்டாளா? கேட்கவில்லை. ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அப்படிப் பயப்படுகிற மனுஷன் ஜெட்டியில் ஏன் படுக்கிறார் என்றும் அவள் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டியிருக்கவில்லை. இறங்கி வருகிறவர்களின் முகத்தை அங்கேதானே பார்க்க முடியும்.

கொஞ்சம் தள்ளிப் போய் அவளுடைய மேலாளர் ஸ்ரீதருக்குப் போன் போட்டாள். சிக்னல் வந்து வந்து போனது.

"சார், ஒரு நாள் டைம் கேட்டுப் பாருங்க. ஆளு போட்ல ஏற மாட்டேங்கிறாரு."

"ராஜமாணிக்கம் சார் ஏற்கெனவே பாம்பூ பிளாட் போயாச்சு வைஜெயந்தி. நாலு மணின்னா நாலு மணி. அடுத்த பேரு ஜெயராணி, தெரியும்ல? அவளையும் ஜெட்டிக்கு வரச் சொல்லிரட்டுமா?"

தெரியும். ஜங்லிகாட் பகுதியில் பூட்டிய கடை ஒன்றின் வராந்தாவில் படுப்பவள், மூச்சிரைப்புக்காரி. அவளுக்கும் இந்த மழை மழைதான். யாருக்குக் கிடைத்தால் என்ன, ஒரு உயிருக்குக் கிடைத்தால் சரி என்று சொல்ல வேண்டியதுதான் நியாயம். வைஜெயந்திக்கு வாய் வரவில்லை.

"வேண்டாம் சார். நான் கூட்டிட்டு வரேன்."

"எப்படி? நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. சும்மா டீ குடிக்கன்னு ஜெட்டிக்குக் கூட்டிட்டுப் போ. ரெண்டு பசங்களை அனுப்புறேன். தூக்கி உக்கார வச்சா இருபது நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு வந்துருவாரு. அங்க போனதும் சரியாயிடும். அவரு நல்லதுக்குத்தானே."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. நாகராஜ் கண்முன் வந்தார். தூக்கி உட்கார வைத்தால்தான் என்ன என்று அவளுக்கும் தோன்றியது. அப்புறம் படிக்கட்டில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மூட்டை முடிச்சைத் தடவிக்கொண்டு, இவள் என்ன முடிவு எடுக்கப் போகிறாள் என்று காத்திருந்தார். ஆயுசு முழுக்க அப்படித்தான் காத்திருந்திருக்கிறார்.

போனை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து, ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, அந்த வீட்டுக்கு ரோட்டு வழியும் இருக்கு. ஃபெரார்கஞ்ச் போய்ச் சுத்தி வரணும். அம்பது கிலோமீட்டர். கடல்ல கால் வைக்க வேண்டாம். நடுவுல எங்க நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திருவேன், எறங்கித் திரும்பி வந்துரலாம். வாறீங்களா?"

"ரோட்டுலயேவா?"

"ரோட்டுலயே."

"நடுவுல கப்பல் இல்லியே?"

"இல்ல."

அவர் எழுந்தார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நேரம்தான் வந்து கழுத்தைப் பிடித்தது. இரண்டு பத்து.

பிஸ்வாஸ் என்று ஒரு வங்காளி, டிரஸ்ட் வேலைக்கு அடிக்கடி ஜீப் ஓட்டுபவன். போன் போட்டதும் பத்து நிமிஷத்தில் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "டென்ஷன் மத் லோ தீதி" என்றான். அக்காவுக்கு டென்ஷன் வேண்டாமாம். அவனுக்கென்ன.

கிளம்பியதும் விசாலாட்சிக்குப் போன் போட்டாள். "அக்கா, நாலுக்குள்ள வந்து சேர முடியாது போலிருக்கு. அதிகாரியை எப்படியாவது பிடிச்சு வைங்க." விசாலாட்சி, "நா பாத்துக்கிறேன், நீ ஆளைக் கொண்டா" என்றதோடு லைன் போய்விட்டது. பிறகு வழி முழுக்க சிக்னல் இல்லை.

காராச்சர்மாவில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் விட்டார்கள். பதினைந்து நிமிஷம் நின்றார்கள். அப்புறம் மழை. ஜீப்பின் வைப்பர் ஒன்று ஓடியது, ஒன்று ஓடவில்லை. ஓடாதது வைஜெயந்தி பக்கம். முன்னால் என்ன வருகிறது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ஐயாவு பின்சீட்டில், மூட்டைமேல் கை. எங்காவது மரங்களுக்கு இடையில் தண்ணீர் தெரிந்தால் போதும், முன்சீட்டைப் பிடித்துக்கொள்வார்.

"தண்ணி வருது தங்கச்சி."

"ஓடை அண்ணாச்சி. ரோடு பக்கத்துலயே போகுது பாருங்க."

ஃபெரார்கஞ்ச் வந்தபோது மூன்று இருபத்தைந்து. நாலுக்குள் போய்ச் சேர்வது நடக்காத கணக்கு என்று தெரிந்தும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஐயாவு கேட்டார்: "ஒங்க பேரு அந்த லிஸ்ட்ல இருக்கா?"

"எனக்கு எதுக்கு? எனக்கு வீடு இருக்கே."

"அப்ப விட்டுட்டுத் திரும்பிப் போயிருவீங்க."

"சாயங்காலம் போட்ல போவேன். செவ்வாய்க்கிழமை திரும்ப வருவேன்."

வருவேன் என்று சொன்னவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார்.

விம்பர்லிகஞ்ச் தாண்டும்போது நாலு அடித்துவிட்டது. வைஜெயந்தி செல்போனைப் பைக்குள் போட்டாள். இனி பார்த்து என்ன? பைக்குள் நாகராஜின் கடிதம் விரலில் தட்டுப்பட்டது. கையை வெளியே எடுத்துக்கொண்டாள். ஐயாவுவைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி, இடம் போய்விட்டது அண்ணாச்சி என்று எந்த வாயால் சொல்வது?

பாம்பூ பிளாட் வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது நாலு இருபத்திரண்டு. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

அதிகாரி ராஜமாணிக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறும் மீன் குழம்பும். முழங்கை வரை குழம்பு. பதிவேடு மேஜைமேல் திறந்தே இருந்தது, பக்கத்தில் பேனா. விசாலாட்சி கரண்டியோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"இந்தம்மா என்னை எழுந்திருக்கவே விட மாட்டேங்கிறாங்க" என்றார் அவர் பரிதாபமாக. "மூணே முக்காலுக்கு உக்கார வச்சாங்க. போதும்னா இன்னொரு துண்டு வைக்கிறாங்க."

"எச்சிக் கையோட ரிஜிஸ்டரைத் தொடலாமா சார்?" என்றாள் விசாலாட்சி. முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

ராஜமாணிக்கம் வாசலில் நனைந்து நின்ற ஐயாவுவைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "கை கழுவிட்டுத்தான் நான் மணி பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நல்ல மனுஷன்.

ஐயாவு கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நின்று நின்று. போட்டுவிட்டு, இனி யார் வந்து எங்கே தள்ளிக்கொண்டு போகப் போகிறார்கள் என்பது மாதிரி சுற்றிலும் பார்த்தார். யாரும் தள்ளவில்லை. விசாலாட்சி ஒரு சாவியைக் கொடுத்து, "கடைசி ரூம் அண்ணே" என்றாள்.

அறை வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. கதவை முன்னும் பின்னும் ஆட்டினார்.

"தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்தான். பாருங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வைஜெயந்தி வெளியே நின்றாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவைத் தட்டலாமா என்று கையைத் தூக்கி, தட்டக் கூடாது என்று கீழே விட்டாள். தாழ்ப்பாள் திறந்தது. அவர் நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்ல. போட்டுப் பாத்தேன்."

ஐந்து மணிப் படகுக்கு வைஜெயந்தி கிளம்பினாள். வழியனுப்ப வருகிறேன் என்று ஐயாவுவும் கூட நடந்தார். ஜெட்டி பக்கம்தான். பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தாள்: அவர் தோளில் மூட்டை.

இதை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்கப் போனாள், கேட்கவில்லை. சாவி கொடுத்தாயிற்று, தாழ்ப்பாள் உள்பக்கம்தான் என்று சொல்லியாயிற்று. அப்புறமும் கேள்வி கேட்டால் அவளும் அந்த லிஸ்ட்காரர்களில் ஒருத்திதான்.

ஜெட்டியில் பலகை போட்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் மர ஆலையின் கொட்டகைகள் தெரிந்தன.

"அது என்ன எடம்?"

"சாத்தம் அண்ணாச்சி. நீங்க இருந்த இடம்."

"இவ்வளவு கிட்டவா?" என்றார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எப்போதும்போலப் பலகைக்கு இந்தப் பக்கமே நின்று, "ஏறுங்க தங்கச்சி" என்றார். "செவ்வாக்கெழமைன்னீங்க."

"செவ்வாய்க்கிழமை."

படகு விலகியது. வைஜெயந்தி பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஜெட்டியிலும் ஒரு வெயிட்டிங் ஷெட் இருந்தது, அதிலும் பெஞ்சு இருந்தது. ஐயாவு அதை நோக்கி நடந்தார். மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி, பெஞ்சின்மேல் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

போச்சு என்று நினைத்தாள். இத்தனையும் போச்சு. ஒரு ஜெட்டியிலிருந்து இன்னொரு ஜெட்டிக்குக் கொண்டுவந்து போட்டதுதான் மிச்சம். கம்பியில் கை வழுக்கியது. கூப்பிட்டால் கேட்காத தூரம் வந்துவிட்டது.

அவர் படகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொன்னம்மாவை ஏற்றிப் போன கப்பலையும் அவர் இப்படித்தான் கரையில் இருந்து பார்த்திருப்பார். திரும்பி வரும் கிழமையைச் சொல்லிவிட்டுப் போகிற ஆளைப் பார்ப்பது இன்றுதான்.

பிறகு கையைத் தூக்கினார். ஆட்டவில்லை, சும்மா தூக்கிக் காட்டினார். எழுந்து, அவிழ்ந்திருந்த கயிற்றை இறுக்கி முடிந்து, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து. திரும்பிப் பார்க்கவில்லை.

நீல மூட்டை வளைவில் மறைகிற வரைக்கும் வைஜெயந்தி கம்பியை விடவில்லை.